காருக்குக் கொடுத்த ஒத்தடம்

அண்ணே, இன்று காலையில் எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரு கார் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வந்த அதிகாரியின் கார். அவர் உள்ளே வந்ததும் அவருடைய டிரைவர் ஒரு பிடி கழிவுப் பஞ்சை எடுத்து வண்டியின் முகத்தில் படிந்திருந்த திண்டிவனத்துப் புழுதியைத் துடைத்தார். துடைத்ததைச் சுருட்டி வேலியோரம் வீசினார். இன்னொரு பிடி எடுத்து, டப்பாவைத் திறந்து பாலீஷைத் தொட்டார். டர்பன்டைனும் மெழுகும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்துவிட்டது. அதிகாரி முன்னால் நிற்கிறார் என்பதையும் மறந்து நான் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள் எஸ்தர் வகுப்பை விட்டு வெளியே போயிருக்கிறாள். உனக்குத் தெரியுமே, அவளைக் கட்டிப் போட்டாலும் நிற்க மாட்டாள். வேலியோரம் கிடந்த பஞ்சை எடுத்தாள். கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஐயா, இதுல மண்ணு இருக்குது. இதால தேச்சா கோடு வுழும்" என்றாள்.

டிரைவர் சிரித்தார். "அதான் பாப்பா தூக்கிப் போட்டேன். ஒரு தபா துடைச்சா அவ்ளோதான். இதைப் போயி யாரு துவைச்சிக்கினு இருப்பாங்க?"

"எங்க மாமா துவைப்பாரு."

துவைப்பாரு என்றாள், அண்ணே. துவைச்சாரு என்று சொல்லவில்லை. நீ போன பிறகு இன்னும் ஒரு மழைக்காலம்கூட வரவில்லை. உன்னை இறந்தகாலத்தில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் இலக்கணம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். ஆனாலும் அவளைத் திருத்தவில்லை.

அதனால்தான் சாயங்காலம் பிள்ளைகள் போனபின் இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது நான் எழுதிய கடுதாசிகளை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த கடுதாசி வந்துவிடும் என்று கேலி செய்வாய். இதை நிதானமாகவே படி. அவசரம் ஒன்றும் இல்லை.

விழுப்புரத்தில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்த முதலாளி வீட்டில் உனக்கு வேலை கிடைத்தது யுத்தத்துக்கு முன்னால். அம்மாவும் அப்பாவும் ஒரே காலராவில் போனபின் நான் திண்டிவனத்தில் மிஷன் ஆஸ்டலில் படித்துக் கொண்டிருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சர் ரயில் பிடித்து வருவாய். துண்டில் அவித்த மல்லாட்டைக் கடலை கட்டிக் கொண்டு வருவாய். உன் கையெல்லாம் பாலீஷ் வாசனை. மல்லாட்டையிலும் அது ஏறியிருக்கும். என் கூடப் படித்த பெண்கள் "உங்க அண்ணன் கார்ல வேகவெச்சாரா?" என்று கேட்டுக் கொண்டே ஒன்று விடாமல் தின்றுவிடுவார்கள்.

காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உனக்கு நேரம் போவது தெரியாது. கறுப்புக் கார். புழுதி போகக் கழுவி, ஈரம் ஒற்றி, பிறகு பாலீஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு நீ ஒரு பொதி செய்வாய். பஞ்சை உருட்டி, அதன் மேல் பிளானல் துணியை மூடி, கொண்டையில் நூல் கட்டி, கைக்குள் அடங்குகிற மாதிரி. டிரைவர் முனுசாமி அதற்கு இங்கிலீஷில் ஏதோ ஒரு பெயர் சொல்வாராம். உன் வாயில் அது நுழையவில்லை. அடிபட்ட இடத்தில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவோமே, அதே வடிவம்தானே என்று நீயாக ஒத்தடம் என்று பெயர் வைத்துவிட்டாய்.

"இன்னா வேலை செய்யற அண்ணே அங்க?" என்று கேட்டால், "காருக்கு ஒத்தடம் குடுக்கறேன்" என்பாய்.

ஒருமுறை நீ சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க முதலாளி வூட்ல ஒரு தபா தொட்ட துணிய மறுதபா தொட மாட்டாங்க, புள்ள. காரைத் துடைச்சா அந்த ஒத்தடத்த அன்னிக்கே தூக்கிப் போட்டுடணும். அடுத்த வாரம் புதுப் பிளானல் கிழிச்சுக் குடுப்பாங்க. அவ்ளோ பெரிய வூடு."

நான் இதை ஆஸ்டல் முழுக்கச் சொல்லிக் கொண்டு திரிந்தேன். எங்களுக்கு ஒரு பாவாடை கிழிந்தால் அது ஒட்டுப் போட்டு, பிறகு தலையணை உறையாகி, பிறகு கரித்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாகும். ஒருமுறை துடைத்ததும் எறிகிற வீடு என்றால் அது அரண்மனை அல்லவா? என் அண்ணன் அரண்மனையில் வேலை செய்கிறான் என்று நினைத்துக் கொண்டேன்.

அந்த நினைப்பு ஒரு கோடை லீவு வரைக்கும் தாங்கியது. லீவுக்கு விழுப்புரத்தில் உன்னிடம் வந்திருந்தேன். நீ சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாய் என்று கேப்பைக் களியைத் தூக்கில் போட்டு எடுத்துக் கொண்டு அந்த வீட்டுப் பின்பக்கம் வந்தேன். நீ கார் கொட்டகையில் வேலையாக இருந்தாய். தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் வேடிக்கை பார்த்தேன். முதலாளியம்மா ஒரு பலகையில் உட்கார்ந்து பையனுடைய கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டுக் கொண்டிருந்தார். மளிகைப் பொட்டலத்தில் வந்த நூலைப் பிரித்து ஒரு உருண்டையில் சுற்றி வைத்திருந்தார். வேலைக்காரம்மா பழைய புடவைத் துண்டால் குத்துவிளக்கைத் துடைத்தாள், துடைத்துவிட்டு அந்தத் துண்டைத் தொட்டித் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். அந்தத் துண்டில் நான்கு ஒட்டு இருந்தது.

எதையும் எறியாத வீடு அது. நீ ஒரு ஒத்தடத்தைக் கொண்டுவந்து குப்பைக் குழியில் போட்டுவிட்டுப் போனாய். அதில் கிழிசலே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, நாம் அங்கே நின்றோம், நீ களி வழித்த தூக்கைக் கையில் வைத்துக் கொண்டு கேட்டையே பார்த்தாய்.

"அவங்க எதையும் தூக்கிப் போடறதில்ல அண்ணே. நீ தொட்டத மட்டும்தான் தூக்கிப் போடறாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் பெரிய வூடு, பெரிய வூடுன்னியா?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் துவைச்சு அந்தக் கொடியிலதான் போட்டேன். இனிமே துடைச்சதும் போட்டுடச் சொல்லுன்னு உள்ளேருந்து முனுசாமியண்ணன் கிட்ட சொல்லி வுட்டாங்க. அவ்ளோதான். உனக்கு எதுக்கு அது? நீ படிக்கிற புள்ள."

நான் கேட்டேன். காரை நீ தொடலாம். நீ தொட்ட காரில் அவர்கள் உட்காரலாம், கோயிலுக்குப் போகலாம். துணிக்கு மட்டும் தோஷமா? அந்தக் காரையும் ஒருமுறை துடைத்ததும் குழியில் தள்ளச் சொல்ல வேண்டியதுதானே? நீ வாய்விட்டுச் சிரித்தாய். கேட்டில் நின்ற மாட்டுவண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு உன் சிரிப்பின் மேல் இன்னும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாய். உள்ளே பிளானல் துணிகள், வெளுத்து, மடித்து, அடுக்கி. குழியில் போட்டதையெல்லாம் இருட்டுவதற்குள் எடுத்து வந்திருக்கிறாய். பஞ்சை உதறிவிட்டு, சோடா உப்புப் போட்டுப் பானையில் கொதிக்க வைத்து, உவர்மண்ணில் துவைத்து வெளுத்திருக்கிறாய்.

"குழியில போட்டது யாருது?" என்று கேட்டாய்.

"யாருதும் இல்ல."

"அப்ப என்னுது. நல்ல பிளானல், புள்ள. எதுக்கு வுடணும்?"

குப்பையில் பொறுக்கியதை வீட்டுக்குள் வைக்காதே என்று நான் கத்தினேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் கோபப்பட்டது சரிதான். நீ வைத்திருந்ததும் சரிதான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. இரண்டும் சரியாக இருக்கக் கூடாதா என்ன?

அன்றிலிருந்து நமக்குள் அது ஒரு ஓயாத வழக்கு. துடைத்ததை எறிவதா, துவைத்து வைப்பதா. முனுசாமி அண்ணன் எறிகிற கட்சி. துணியில் ஒரு மண் ஒளிந்திருந்தால் போதும், கறுப்புப் பெயிண்டில் பூனை பிறாண்டிய மாதிரி கோடு விழும், எதற்கு வம்பு என்பார். நீ அவர் சொல்வதையும் ஒப்புக் கொள்வாய். முதலில் சேறு துடைக்கிற பஞ்சை எறிந்துதான் ஆக வேண்டும், அதை வைத்திருப்பவன் மடையன் என்பாய். ஆனால் பாலீஷ் போடுகிற பிளானல் வேறு. "புதுத் துணிக்குத் திமிரு ஜாஸ்தி. கஞ்சி இருக்கும், நூலு உதிரும். நாலு தண்ணி பார்த்தாதான் அடங்கும்" என்பாய். அவர்கள் வாராவாரம் புதுசு கிழித்துக் கொடுத்ததால்தான் அந்தக் கார் முழு மினுக்கு மினுக்கவில்லை என்பது உன் ரகசியக் குறை. அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு குறும்பு வரும்.

மண் இருக்கிறதா என்று பார்க்க நீ கன்னத்தில் இழுத்துப் பார்ப்பாய். "கை காய்ச்சிப் போச்சு. கன்னத்துக்குத்தான் தெரியும்." துவைத்த ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் உதறிக் கண்ணை மூடிக் கொண்டு கன்னத்தில் இழுப்பாய். சவரம் செய்யாத நாளில் என்னிடம் நீட்டி, "டீச்சரம்மா, உன் கன்னத்தக் குடு" என்பாய். நான் அப்போது டீச்சர் ஆகவில்லை. ஆவதற்கு முன்பே நீ கூப்பிட ஆரம்பித்துவிட்டாய்.

அந்தப் பெட்டித் துணிகளால் கிறிஸ்துமஸுக்கு நம் கோயில் பெஞ்சுகளையும் மணியையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாய். பெஞ்சு வழுக்குகிறது என்று பிரசங்கத்தின் நடுவில் கிழவர்கள் முணுமுணுத்தார்கள்.

பிறகு யுத்தம். எனக்குக் கல்யாணம் ஆகி, உன் மச்சான் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய், கடுதாசி வருவதும் நிற்பதுமாக இருந்த சமயம் நான் தலைப்பிரசவத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். வேறு யார் வீடு இருந்தது எனக்கு? பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பைச் சுமந்து கொண்டு ஓடின. துணிக்கு அதைவிடப் பஞ்சம். கடையில் வரிசையில் நின்றால் ஒரு முழம் கிடைத்தாலும் கிடைக்கும், சண்டை மட்டும் கிடைத்தாலும் கிடைக்கும். பிறக்கப் போகிற குழந்தைக்குப் போர்த்த என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்த இரண்டு புடவையில் ஒன்றைக் கிழித்தால் எனக்கு மாற்றுப் புடவை இல்லை.

கார்த்திகைப் புயல் மழையில் எஸ்தர் மாதம் நிறையாமல் பிறந்தாள். அணில் குஞ்சு அளவு இருந்தாள். மிஷன் நர்ஸம்மா அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் உன்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நம் வீட்டுச் சுவர் எத்தனை கனம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் கேட்டது.

"ஒடம்புல சூடு நிக்கலப்பா. சூடு போச்சுன்னா கொழந்தை போயிடும். மெத்துனு சுத்தியே வெச்சிருக்கணும். ஈரம் பண்ணினா அந்த நிமிஷமே மாத்தணும். துணி இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றாய் நீ.

பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ ஒவ்வொரு துணியாக எடுத்துக் கன்னத்தில் இழுத்துக் கொண்டிருந்தாய். காருக்கு ஒருமுறை இழுப்பவன் இவளுக்கு மறுபடி மறுபடி இழுத்தாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்து கொண்டிருந்தது. துணி நனைந்துவிடும் என்று முகத்தை அப்புறம் திருப்பிக் கொண்டாய்.

மார்கழி முழுக்க அவளை அந்தப் பிளானல்தான் காப்பாற்றியது. அவள் ஈரம் செய்ய, நீ அலச, மழை ஈரத்தில் காயாமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைக்க, பெட்டியில் இருந்த எல்லாத் துணியும் சுற்றுக்கு வந்துவிட்டது. எத்தனை வெளுத்தும் அந்த மெழுகு வாசனை முழுதாகப் போகவில்லை. நர்ஸம்மா மறுபடி வந்து குழந்தையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டு காரு?" என்றார். அன்றுதான் நான் பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் முனுசாமி அண்ணன் வந்தார். தை பிறந்ததும் முதலாளி மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். பெட்ரோல் சேர்த்து வைத்திருந்தார்கள். கொட்டகையில் தூசி குடித்துக் கிடந்த காரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மினுக்க வேண்டும். கடையில் பிளானல் கிடையாது.

"நீ எடுத்துக்கினு போனதெல்லாம் வெளுத்து வெச்சிருக்கறன்னு நான்தாம்பா சொல்லிட்டேன்" என்றார். "முதலாளியம்மா அத எடுத்தாரச் சொன்னாங்க. ஜல்தியா குடு."

"இருந்திச்சு. இப்ப எஸ்தர் மேல இருக்குது."

"அந்தக் கொடியில தொங்குதே?"

"அது சாயங்காலம் அவளுக்கு."

"பேஜாரு பண்ணாத. இல்லன்னு போயி நின்னா வேலைக்கே வராதேன்னுடுவாங்க. கைக்குழந்தக்காரிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

இரண்டு துணியாவது கொடுத்து அனுப்பு அண்ணே என்று நான் உள்ளிருந்து சொன்னேன். வேலை போனால் மூன்று பேரும் பட்டினி. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காரு ஒரு நாளைக்கு மினுக்கலன்னா செத்துடாது" என்றாய். முனுசாமி அண்ணனிடம் "நாளைக்குக் காலைல வர்றேன்னு சொல்லுங்க" என்றாய்.

அவர் போனதும் நீ கோயிலுக்குக் கட்டிக் கொண்டு போகிற மல் வேட்டியை எடுத்தாய். உன்னிடம் இருந்ததிலேயே நல்ல துணி அது ஒன்றுதான். பல தண்ணி பார்த்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. பல்லால் விளிம்பைக் கடித்து, சர்ரென்று கிழித்தாய். பஞ்சுக்கு என் தலையணையைப் பிரித்தாய். ஒத்தடம் கட்டிக் கொண்டு மறுநாள் போனாய், சாயங்காலம் அதையெல்லாம் துவைத்துக் காயவைத்துத் துண்டில் முடிந்து எடுத்துக் கொண்டு வந்தாய். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "இன்னா சொல்லுவாங்க? காரு பளபளன்னு இருந்திச்சு" என்றாய். வேலை இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாய். அடுத்த ஞாயிறு காக்கிக் கால்சட்டையோடு கோயிலுக்குப் போனாய். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாயா என்று பாதிரி ஐயர் கேட்டாராம்.

எஸ்தர் பிழைத்தாள். உன் மச்சான் திரும்பி வந்தார். எனக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்தது. உனக்கு ஒரு பெண் பார்க்கிறேன் என்று வளவனூர் வரைக்கும் அலைந்து நான் ஓய்ந்து போனேன். அந்த வீட்டில் புதுக் கார் வந்தது, நீ அதற்கும் ஒத்தடம் கொடுத்தாய். சுதந்திரம் வந்த அன்று அந்தக் காருக்குக் கொடி கட்டியது நீதான் என்று எஸ்தர் தெருவெல்லாம் சொன்னாள். என்னைப் போலவே அவளும்.

போன மார்கழியில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. என்னிடம் கொண்டு வந்து வைத்துக் கொண்டேன். ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தகரப் பெட்டியில் மிஞ்சியிருந்த பிளானலில் உப்பை வறுத்து முடிந்து உன் நெஞ்சில் ஒற்றினேன். சூடு பார்க்க முதலில் என் கன்னத்தில் வைத்தேன். நீ கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாய்.

"இப்ப நானும் காரு ஆயிட்டேனா டீச்சரம்மா?" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. "அழுத்தித் தேய்க்காத. பெயிண்டு போயிடும்."

நீ தேறிவிடுவாய் என்றுதான் நான் நினைத்தேன். அணில் குஞ்சைப் பிழைக்க வைத்த துணி உன்னை விட்டுவிடுமா என்று ஒரு நம்பிக்கை. விட்டுவிட்டது, அண்ணே. பொங்கல் கழிந்த வாரம் நீ போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம் சித்தி வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள். அம்மாவின் தங்கை, ஓமந்தூரிலிருந்து வந்திருந்தாள். செத்தவர் படுத்த பாய், தலையணை, மேலே பட்ட துணி எதுவும் வீட்டில் தங்கக் கூடாது, தெருமுனைக்கு அப்பால் கொண்டு போய்ப் போட்டுவிட வேண்டும் என்பது நம் தெருவில் எல்லோரும் செய்வதுதானே. அவள் எல்லாவற்றையும் வாசலில் குவித்தாள். குவியலின் மேல் அந்த ஒத்தடம் கிடந்தது, உப்போடு. நான் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன். எதையும் தடுக்கிற தெம்பு எனக்கு இல்லை.

முனுசாமி அண்ணன் விழுப்புரத்திலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு. குவியலைப் பார்த்துக் கொண்டே இருந்தவர், "உங்கிட்ட அந்தக் கல்யாணத்துச் சங்கதி சொன்னானாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அன்னிக்குக் காரை முடிச்சிட்டு அந்த வேட்டித் துணியெல்லாம் தொட்டிகிட்ட துவைச்சாம்மா. துவைச்சு நேரா அவங்க கொடியிலயே போட்டான். அவங்க வூட்டுப் பட்டுப் பொடவை பக்கத்துல. வேலைக்காரம்மா ஓடியாந்து எடுத்துக் குழியில போடப் போனா. இவன் குறுக்க போயி நின்னான். 'இது உங்க வூட்டுத் துணி இல்லீங்க, என் வேட்டி. என் துணிய நான் தூக்கிப் போட மாட்டேன். காய்ஞ்சதும் எடுத்துக்கினு போறேன்'னான். கொரலு ஒசரலம்மா. கல்யாண வூடு, உறவுக்காரங்க எல்லாம் பாக்கறாங்க."

"அப்புறம்?"

"முதலாளியம்மா பின்கட்டு வாசல்ல நின்னாங்க. இவனைப் பார்த்தாங்க, கொடியப் பார்த்தாங்க. கொழந்தை சங்கதி நான் சொல்லியிருந்தேன் அவங்களுக்கு. 'கெடக்கட்டும். காயட்டும்'னாங்க. அவ்ளோதான், உள்ள போயிட்டாங்க. அவங்க பொடவையையும் எடுக்கல. காயற வரைக்கும் இவன் கொடிக்குக் கீழயே உக்காந்திருந்தான்."

அதற்கப்புறம் அந்த வீடே மாறிவிட்டது என்று நான் எழுதினால் நீ சிரிப்பாய். உனக்குத் தனித் தம்ளர்தான், கடைசிவரை. ஆனால் துணியைக் குழியில் போடு என்று அதன்பின் ஒருவரும் சொல்லவில்லை என்றார் முனுசாமி அண்ணன். அது நீ செய்ததா, துணிப் பஞ்சம் செய்ததா என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாளின் அந்த இரண்டு வார்த்தையை நான் சின்னதென்று சொல்ல மாட்டேன். பெரியதென்றும் சொல்ல மாட்டேன். அதைக் கேட்க நீ எத்தனை வருஷம் குழியில் குனிந்தாய் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்மேல் கோபம் வந்தது. சண்டை போட நீதான் இல்லை.

நான் எழுந்து போய் அந்தக் குவியலிலிருந்து ஒத்தடத்தை எடுத்தேன். நூலை அவிழ்த்தேன். உப்பைக் கொட்டினேன். தொட்டியடியில் உட்கார்ந்து சோடா போட்டுத் துவைத்தேன். உன் வியர்வை, மருந்து, அதற்கு அடியில் எங்கோ அந்த மெழுகு வாசனை. பிழிந்து உதறி வாசல் கொடியில் என் புடவைக்கும் எஸ்தர் பாவாடைக்கும் நடுவில் போட்டேன்.

சித்தி பதறிப் போனாள். "இன்னாடி பண்ற? அவன் சாகறப்ப அவன் மேல கெடந்த துணிடி. தூக்கிப் போடு அத."

"கெடக்கட்டும் சித்தி" என்றேன். "காயட்டும்."

முனுசாமி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக் கொண்டார். காயும் வரைக்கும் நான் அந்தக் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். காய்ந்ததும் எடுத்துக் கன்னத்தில் இழுத்துப் பார்த்தேன். மண் இல்லை, அண்ணே.